ஆயில் மாற்றியாச்சு, லிப்ட் ஏன் துள்ளுது?

டிராக்டர் கேள்வி – பதில்

கோடை உழவு முடிந்து வண்டிகள் சர்வீஸுக்குப் போய்வரும் நேரம் இது. புது ஆயில் ஊற்றிய பிறகு ஹைட்ராலிக்கில் (ஆயில் அழுத்தத்தால் கலப்பை தூக்கும் லிப்டை இயக்கும் அமைப்பு) குமிழி, நுரை, சத்தம் என்று பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறோம்.

45 எச்.பி. டிராக்டர். 1000 மணி நேரம் ஓடியதும் ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். மறுநாளே லிப்ட் விட்டு விட்டு ஏறுகிறது, பம்ப் பக்கம் கரகரவென்று சத்தம். டிப் ஸ்டிக்கை உருவினால் சோடா மாதிரி குமிழி. "பம்ப் போச்சு, புதுசு போடணும்" என்கிறார் மெக்கானிக். அதுவரை நன்றாக இருந்த பம்ப் ஒரே நாளில் போகுமா?
— வாசகர், துறையூர்

போகாது. ஆயில் மாற்றிய அன்று கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

உங்கள் வண்டியில் கியர் பம்ப் எஞ்சின் ஓரமாக வெளியே இருக்கும். பின்னால் கிரவுன் ஹவுசிங்கில் (பின் ஆக்ஸிலின் கியர் அறை) உள்ள ஆயிலை ஒரு சக்‌ஷன் பைப் வழியாக, ஃபில்டரைக் கடந்து, அது உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அங்கே ஒரு ஜாயின்ட் சரியாக உட்காராவிட்டால் ஆயில் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகல் இல்லையே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். வண்டி ஓடும்போது காய்ந்து கிடக்கும் ஜாயின்ட், நிறுத்தி வைத்த இரவில் இரண்டு சொட்டு விட்டிருந்தால் அதுவே தடயம்.

முதலில் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிப்ட் கைகளை முழுக்க இறக்கி, எஞ்சினை அணைத்து, 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆயில் மாற்றும்போது ஃபில்டர் கிண்ணம், சக்‌ஷன் பைப், லிப்ட் சிலிண்டர் எல்லாம் பெருமளவு காலியாகியிருக்கும். கோடு வரை ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அவை நிரம்ப, அளவு இரண்டு மூன்று லிட்டர் இறங்கிவிடும். இரண்டாவது முறை பார்க்காமல் விடுவதுதான் இந்தத் தொல்லைக்கு மிகச் சாதாரணமான காரணம். தவிர, கியர் பாக்ஸ் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே உள்ள துளைகள் சிறியவை. குளிர்ந்த ஆயில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஊற்றிய கையோடு டிப் ஸ்டிக் பார்த்தால் பொய்க் கணக்கு காட்டும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்து ஃபில்டர். திருகிப் போடும் டப்பா ஃபில்டராக இருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அதன்மேல் புதுசைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து காற்று விடும். கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். கிண்ணம் வைத்த ஸ்ட்ரெய்னராக (வலை வடிகட்டி) இருந்தால் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். பழைய ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அதைத் திரும்பப் போட்டால் அடைக்காது. புதியது முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், காடியில் மண் துகள் இருந்தாலும் அதே கதைதான். இருபது முப்பது ரூபாய் ஓ-ரிங்கில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்பை இழக்க வேண்டாம்.

மூன்றாவது, சக்‌ஷன் ரப்பர் ஹோஸும் அதன் கிளிப்பும். ஐந்தாறு வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர் விறைத்துப் போயிருக்கும். ஃபில்டரைக் கழற்ற வழி வேண்டி அதை ஒருமுறை வளைத்தாலே அடிப்பக்கம் விரிசல் விடும். கிளிப்பை மூச்சுப் பிடித்து முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும். இரும்புப் பைப் ஃப்ளாஞ்சாக இருந்தால் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃப்ளாஞ்ச் சாய்ந்துவிடும்.

எந்த ஜாயின்ட் என்று தெரியாவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, சக்‌ஷன் பக்க ஜாயின்ட்களில் ஒவ்வொன்றாகக் கெட்டி கிரீஸை அப்பிக்கொண்டே வாருங்கள். எதில் அப்பியதும் பம்ப் சத்தம் தணிகிறதோ, அதுதான் குற்றவாளி. பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துண்டு, தொங்கும் சட்டைக் கை வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயிலில் எப்போதுமே காற்று கரைந்திருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 லிட்டர் கனிம எண்ணெயில் சுமார் 9 லிட்டர் காற்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்துக்கொண்டால் பம்ப் இழுக்கும் இழுப்பில் அழுத்தம் மேலும் குறைந்து, சோடா மூடியைத் திறந்ததுபோல அந்தக் காற்று குமிழியாக வெளியே வரும். வெளியே எந்த ஜாயின்ட்டிலும் குறை இல்லாமலேயே குமிழி வருவது இப்படித்தான். ஆயில் மாற்றிய மறுநாள் ஸ்ட்ரெய்னர் எப்படி அடைக்கும் என்று கேட்பீர்கள். ஹவுசிங்கைத் துடைக்க வேஸ்ட் பஞ்சு பயன்படுத்தினார்களா என்று விசாரியுங்கள். அதன் நூல் ஒவ்வொன்றும் நேராகப் போய்ச் சேரும் இடம் ஸ்ட்ரெய்னர் வலைதான். நூல் விடாத பழைய வேட்டித் துணிதான் இந்த வேலைக்குச் சரி.

இரண்டையும் காதால் ஓரளவு பிரிக்கலாம். காற்று கசிந்து போனால் சத்தம் ஏறி இறங்கும், ஆயில் நுரைக்கும். ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல ஒரே சீராகக் கேட்கும், எஞ்சின் வேகத்தோடு கூடும், நுரை குறைவாக இருக்கும்.

லிப்ட் துள்ளுவது ஏனென்றால், ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். சாதாரண அழுத்தத்தில் 150 மில்லி இடம் பிடிக்கும் காற்று, 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 1 மில்லிக்குச் சுருங்கிவிடும். பம்ப் அனுப்புவது கலப்பையைத் தூக்குவதற்கு முன் குமிழியை அமுக்கவே செலவாகிறது. பிறகு விருட்டென்று தூக்குகிறது. அமுங்கும் வேகத்தில் குமிழி கடுமையாகச் சூடேறும், சுற்றியுள்ள ஆயில் கருகும், பம்புக்குள் உள்ள புஷ் பிளேட்டில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். அதனால் சத்தத்தோடு ஒரு ஏக்கர் உழுது முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இப்போது கெடாத பம்ப் அப்போதுதான் கெடும்.

டீசல் லைனில் ஏர் எடுக்க ஸ்க்ரூ இருக்கிறது. ஹைட்ராலிக்கில் அப்படி எதுவும் தெரியவில்லையே, எப்படி ஏர் எடுப்பது?
— வாசகர், பல்லடம்

பெரும்பாலான டிராக்டர் ஹைட்ராலிக்குக்குத் தனி ஸ்க்ரூ தேவையில்லை. லிப்டை ஏற்றி இறக்கும்போது காற்று, திரும்பும் ஆயிலோடு ஹவுசிங்குக்கு வந்து மேலே ஏறி பிரிதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) வழியாகப் போய்விடும். கவனிக்க வேண்டியது பம்ப் முதல் முறை வறண்டு ஓடாமல் இருப்பதைத்தான். பம்புக்கு மசகும் அந்த ஆயிலேதான்.

ஃபில்டர் நிமிர்ந்த நிலையில் உட்காரும் மாடலாக இருந்தால், மாட்டுவதற்கு முன்பே அதில் சுத்தமான ஆயிலை நிரப்பிக்கொள்ளுங்கள். சக்‌ஷன் பைப்பைப் பம்ப் முனையில் கழற்ற முடிந்தால் பம்புக்குள்ளேயே 200 மில்லி ஊற்றி மூடுங்கள். பிறகு ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி, எஞ்சின் பற்றாமல், ஸ்டார்ட்டரை மட்டும் 5 முதல் 10 விநாடி வரை சுற்றுங்கள். நடுவே அரை நிமிடம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை. பம்ப் ஈரமாகும், பைப்பில் ஆயில் ஏறும்.

இப்போது ஸ்டார்ட் செய்து 700–800 ஆர்.பி.எம். ஐடிலில் விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். இரண்டு நிமிடம் கழித்து, கலப்பை மாட்டாத வெறும் லிப்டை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு நிமிடம் போயும் அசையவில்லை என்றால் உடனே அணையுங்கள், தொடர்ந்து ஓட்டி "தானாக வரும்" என்று காத்திருக்கக் கூடாது. அப்படிப் பிடிவாதமான வண்டியில் டெலிவரி யூனியனை (பம்பிலிருந்து ஆயில் வெளியேறும் பைப்பின் திருகு இணைப்பு) அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி ஸ்டாப் நாபை இழுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினால் முதலில் நுரையும் பிறகு குமிழி இல்லாத ஆயிலும் வரும். உடனே இறுக்கிவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது அந்த யூனியனைத் தொடவே கூடாது. டிராக்டர் ஹைட்ராலிக்கில், அழுத்தம் அளவு மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வைப் பொதுவாக 150 முதல் 200 பார் வரை வைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போலத்தான் இருக்கும், பெரிய வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அப்போதே போய், "ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் ஏறிவிட்டது" என்று சொல்ல வேண்டும். லீக் தேடுவதற்கு அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

லிப்ட் அசைய ஆரம்பித்ததும் வெறுமனே பத்து முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். உச்சியில் நிறுத்தி லீவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். ரிலீஃப் வால்வு திறந்து கிர்ரென்று கத்தும், ஆயில் சூடாகும், நுரை கூடும். பிறகு கலப்பையை மாட்டிப் பத்து முறை. அணைத்து அரை மணி விட்டு அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள்.

குமிழி எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பெரிய குமிழி சில நிமிடத்தில் மேலே வந்து உடையும். கடுகுக்கும் சிறிய குமிழி அரை மணி, ஒரு மணி எடுக்கும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் இளகி, சீக்கிரம் விடும். இரண்டு மூன்று மணி நேர வேலைக்குப் பிறகும் டிப் ஸ்டிக்கில் நுரை நின்றால், அது பழைய காற்று இல்லை, புதிதாக எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு முடித்த பிறகு ஆயில் மாற்றினோம். ஒரு வாரத்தில் புது ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. இது காற்றா, தண்ணீரா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

சேற்றுழவு என்றதுமே சந்தேகம் தண்ணீர் மேல்தான், ஆனால் ஊகிக்கத் தேவையில்லை. வண்டி ஓடிய சூட்டோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் ஆயிலை எடுத்து ஜன்னலில் வையுங்கள். காற்றாக இருந்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வரும், ஒரு மணி நேரத்தில் அசல் நிறம் வந்துவிடும். தண்ணீராக இருந்தால் கலங்கலாகவே நிற்கும். இரவு முழுக்க வைத்தால் அடியில் நீர்க்கோடு பிரியலாம், பிரியாமலும் இருக்கலாம். ஆயிலில் உள்ள மருந்துச் சேர்க்கைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு. அப்படியானால், தோசைக்கல்லைத் தண்ணீர் தெளித்தால் முத்தாக ஓடும் அளவுக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு சொட்டு ஆயிலை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர். சத்தமின்றிப் பரவிப் புகைந்தால் தண்ணீர் இல்லை. திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்தக் கல்லை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்!

புது ஆயிலில் தண்ணீர் எப்படி? இரண்டு வழி. ஒன்று, பழையது முழுதும் வெளியேறவில்லை. டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் ஹவுசிங்கின் மூலை முடுக்கு, லிப்ட் சிலிண்டர், பைப்புகளில் சில லிட்டர் தங்கிவிடும். அதில் இருந்த தண்ணீர் புதியதையும் கலக்கிவிடும். லிப்டை இறக்காமல் டிரெய்ன் செய்தால் இன்னும் அதிகம் தங்கும். இரண்டாவது, தண்ணீர் வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. சூடான ஹவுசிங் வயல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். பிரிதர் சேற்றால் அடைத்திருந்தால் ஆக்ஸில் சீல், பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல் வழியாகத் தண்ணீரையே இழுக்கும். கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தால் வாட்டர் சர்வீஸ் அடிக்கும்போதும் போகும்.

கலங்கல் லேசாக இருந்தால் வண்டியை இரவு முழுக்க அசையாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் டிரெய்ன் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் முதலில் வரும், ஆயில் வந்ததும் இறுக்குங்கள். பால் போல ஆகிவிட்டதென்றால் வேறு வழியில்லை. வழியை அடைத்துவிட்டு, முழுக்க மாற்றி, சில மணி நேரம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும். செலவு வலிக்கும்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் அதே ஆயில்தான் பிரேக் தட்டையும் நனைக்கிறது, பேரிங்கையும் காக்கிறது. அவற்றின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ஹைட்ராலிக் ஆயில் இல்லை என்று 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் கொடுத்தார்கள், "நம்பர் ஒண்ணுதான்" என்றார்கள். இப்போது நுரைக்கிறது, பிரேக் மிதித்தால் கீச்சிடுகிறது.
— வாசகர், அரூர்

நம்பர் சொல்வது ஆயிலின் தடிமனை மட்டுமே. உங்கள் வண்டியில் கியர், கிரவுன், ஹைட்ராலிக், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். அதற்காகவே தயாரிக்கப்படுவது யு.டி.டி.ஓ. என்று டின்னில் அச்சிட்டிருக்கும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். கியர் பற்களுக்கான தேய்மானக் காப்பு, பிரேக் தட்டு கீச்சிடாமல் பிடிக்க உராய்வை அளவாக வைக்கும் பொருள், நுரை அடக்கி, துரு தடுப்பான் என எல்லாம் கணக்குப் போட்டுக் கலந்தது. எஞ்சின் ஆயிலில் கரியைக் கழுவும் சோப்பு வகைப் பொருள்கள் அதிகம். பிரேக்குக்கான சேர்க்கை அதில் இல்லை. கீச்சிடுவது அதனால்தான். எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் சேர்த்தே தயாரிக்கும் எஸ்.டி.ஓ.யு. என்ற வகையும் உண்டு, அது வேறு. சில பழைய மாடல்களின் கையேடே எஞ்சின் ஆயிலைச் சொல்லும். அந்த வண்டிக்கு அது சரி. உங்கள் கையேட்டில் என்ன ஸ்பெசிஃபிகேஷன் எண் போட்டிருக்கிறதோ, அதே எண் டின்னின் முதுகிலும் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம், "கெட்டியாக இருந்தால் நுரைக்காது" என்று 90 அல்லது 140 கியர் ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். கெட்டி ஆயிலில் குமிழி மேலே ஏறவே நேரமாகும், பம்புக்கு இழுக்கவும் சிரமம். உங்களுடையதை முழுக்க டிரெய்ன் செய்து, ஃபில்டரோடு மாற்றுங்கள். மேலே இரண்டு லிட்டர் நல்ல ஆயில் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

இனிமேல் வேறு கம்பெனி ஆயிலுக்கு மாறுவதாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பாட்டிலில் பழையதும் புதியதும் சரிபாதி, இன்னொன்றில் புதியது மட்டும். இரண்டையும் ஒரு நிமிடம் ஒரே மாதிரி குலுக்கி வையுங்கள். கலவையின் நுரை மட்டும் வெகுநேரம் நின்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனாலும் எச்சரிக்கைக்குப் போதும்.

நுரை அடக்கும் மருந்து என்று சிறு பாட்டிலில் விற்கிறார்கள். ஊற்றலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம். நல்ல ஆயிலில் சிலிக்கோன் நுரை அடக்கி ஏற்கெனவே இருக்கிறது, பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில். கூடப் போட்டால் மேலே நிற்கும் நுரை மறையும், உள்ளே இருக்கும் பொடிக் குமிழி வெளியேறத் தாமதமாகும். பம்பை அரிப்பது உள்ளே இருப்பதுதான். டிப் ஸ்டிக் நன்றாக இருப்பதுபோல் காட்டி உங்களை ஏமாற்றும்.

எங்களுடையது மாஸி ஃபெர்குசன் 1035. வெளியே பம்பும் இல்லை, சக்‌ஷன் ஹோஸும் இல்லை. இதில் காற்று எங்கிருந்து வரும்?
— வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

ஹாரி ஃபெர்குசன் வகுத்த முறை அது. பிஸ்டன் பம்ப் பின் ஹவுசிங்குக்குள் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும், பி.டி.ஓ. ஷாஃப்ட்தான் அதை இயக்கும். வெளி ஜாயின்ட் இல்லாததால் துறையூர் வாசகருக்குச் சொன்ன ஹோஸ், கிளிப் தொல்லை உங்களுக்கு இல்லை. ஆயில் மாற்றிய பிறகு லிப்ட் ஏறவே இல்லை என்றால், சிரிக்காமல் முதலில் பி.டி.ஓ. லீவரைப் பாருங்கள். சர்வீஸில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறந்திருப்பார்கள். இந்த வகையில் சில மாடல்களில் பி.டி.ஓ. நியூட்ரலில் இருந்தால் பம்ப் சுற்றாது.

குமிழிக்கு உங்கள் வண்டியில் மூன்று காரணங்களே முக்கியம். அளவு குறைந்து பம்ப் வாய் வெளியே தெரிவது ஒன்று. மேட்டு நிலத்தில் ஏறி இறங்கும்போது ஆயில் ஒரு பக்கமாக ஓடிவிடுவதால், சமதளத்தில் சரியாக இருக்கும் வண்டி சரிவில் மட்டும் நுரைக்கும். இரண்டாவது தவறான ஆயில். மூன்றாவது உள்ளே அழுத்த ஆயிலைப் பம்பிலிருந்து சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாயின் ஓ-ரிங் போயிருப்பது. அங்கே பீறிடும் ஆயில் ஹவுசிங்குக்குள்ளேயே தெறித்து நுரையாகும். லிப்டும் பாரம் தாங்காது, எஞ்சினை அணைத்தால் இறங்கிவிடும். நுரையும் இறக்கமும் சேர்ந்து வந்தால் அந்த ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். லிப்ட் கவரைத் தூக்கும் வேலை அது. பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கோட்டுக்கு மேல் இரண்டு லிட்டர் அதிகமாக ஊற்றிவிட்டோம். பரவாயில்லையா?
— வாசகர், விருத்தாசலம்

எடுத்துவிடுங்கள். கிரவுன் வீல் தயிர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கும். ரோட்டில் டாப் கியரில் ஓடும்போது இன்னும் அதிகம். பிரிதர் வழியாக ஆயில் கக்கினால் இதுதான் காரணம். ஆனால் ரோட்டில் இருந்து வந்து நிறுத்திய உடனே கொஞ்சம் நுரை தெரிவது எல்லா வண்டியிலும் சகஜம். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

டிப்பர் டிரெய்லர் மாட்டினால் மட்டும் குமிழி வருகிறது. கலப்பை மாட்டினால் ஒன்றும் இல்லை.
— வாசகர், செய்யாறு

டிப்பர் சிலிண்டர் ஏறும்போது எவ்வளவு ஆயிலை வாங்கிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டீர்களா? உள்விட்டம் 10 செ.மீ., நீளம் 100 செ.மீ. உள்ள சிலிண்டர் என்றால் 3.14 × 5 × 5 × 100 = 7850 மில்லி. ஏறக்குறைய 8 லிட்டர் ஹவுசிங்கை விட்டுப் போகிறது. தொட்டி உச்சியில் இருக்கும்போது பம்ப் வாய் வெளியே வந்து காற்றை இழுக்கும். கலப்பை தூக்கும் உள் சிலிண்டருக்கு இதில் சிறு பங்குதான் தேவை. டிப்பரை முழுக்க இறக்கிய நிலையில் அளவு மேல் கோட்டில் இருக்க வேண்டும். வெளி சிலிண்டருக்காகக் கூடுதலாக எவ்வளவு ஊற்றலாம் என்று சில கையேடுகளில் போட்டிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். மேலே சொன்ன தயிர் கடையும் கதையாகிவிடும். உங்கள் சிலிண்டர் அந்த அளவுக்கு மேல் கேட்டால், அந்த டிப்பர் அந்த வண்டிக்குப் பெரிது.

புதிதாக மாட்டும் டிரெய்லரின் ஹோஸும் சிலிண்டரும் காலியாக இருந்தால் அந்தக் காற்றும் உங்கள் வண்டிக்கு வரும். பாரம் இல்லாமல் இரண்டு முறை முழுக்க ஏற்றி இறக்கி, அளவு பாருங்கள். வாடகை டிரெய்லர் என்றால், அதன் சிலிண்டரில் முந்தைய வண்டியின் கறுத்த ஆயிலும் இருக்கும், நேற்று ஊற்றிய உங்கள் புது ஆயிலோடு அது கலக்கும். மாட்டும் முன் ஹோஸை இணைக்கும் கப்ளரைத் துடையுங்கள். முடிந்தால் அந்தச் சிலிண்டரைத் தனியாக டிரெய்ன் செய்யச் சொல்லுங்கள். தூக்கிய தொட்டிக்குக் கீழே முட்டுக்கட்டை இல்லாமல் யாரும் தலையை நீட்டக் கூடாது. காற்று புகுந்த சிலிண்டர் சொல்லாமல் இறங்கும்.

ஹைட்ராலிக் ஆயில் அளவு குறைந்துகொண்டே வருகிறது, எஞ்சின் ஆயில் அளவு ஏறுகிறது. நுரையும் இருக்கிறது. வெளியே ஒழுகல் இல்லை.
— வாசகர், மணப்பாறை

எஞ்சின் டைமிங் கியரிலிருந்து ஓடும் பம்பா? அப்படியானால் பம்ப் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. அந்தச் சீலின் ஒரு பக்கம் ஹைட்ராலிக், மறுபக்கம் எஞ்சின். பம்ப் ஓடும்போது சீல் வழியாக எஞ்சின் பக்கத்துக் காற்றை இழுத்து நுரையாக்கும், நின்றதும் ஹைட்ராலிக் ஆயில் எஞ்சினுக்குள் வடியும். சில வண்டிகளில் எஞ்சின் ஆயிலே குறைந்து ஹைட்ராலிக் கூடும், நோய் ஒன்றுதான். துறையூர் வாசகரிடம் பம்பைக் கடைசியில் பாருங்கள் என்றோம், உங்களிடம் முதலில் பாருங்கள் என்கிறோம்.

வண்டியை ஓட்டாதீர்கள். சீலை மாற்றும்போது அதன் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் முதல் நாளே மறுபடி காற்று இழுக்கும். ஷாஃப்ட்டில் சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஞ்சினை அணைத்ததும் தூக்கிய ரோட்டாவேட்டர் பத்து நிமிடத்தில் தரையைத் தொடுகிறது. ஆயிலில் குமிழி இல்லை. இதுவும் காற்றுதானா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

இல்லை. சிலிண்டர் பிஸ்டன் ரிங் அல்லது கன்ட்ரோல் வால்வு உள்ளுக்குள் கசிகிறது. ஏர் எடுத்தால் சரியாகாது.

பவர் ஸ்டீயரிங் டேங்கில் மட்டும் நுரை. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி இருக்கிறது, திருப்பும்போது முனகுகிறது. லிப்ட் நன்றாகவே வேலை செய்கிறது.
— வாசகர், தென்காசி

பல மாடல்களில் ஸ்டீயரிங்குக்குத் தனி பம்ப், தனியாகச் சிறு டேங்க். லிப்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. டேங்க் சிறியது என்பதால் கால் லிட்டர் குறைந்தாலே காற்று இழுத்துவிடும். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் வையுங்கள். டேங்கை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்து முறை திருப்புங்கள். ஒருவர் திருப்ப, இன்னொருவர் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஐடிலில் ஸ்டார்ட் செய்து அதையே பத்து முறை. கோடியில் அழுத்திப் பிடிக்க வேண்டாம், தொட்டதும் திருப்புங்கள். நுரை அடங்க அரை மணி விட்டு, சக்கரத்தை இறக்கி அளவு பாருங்கள். மறுநாளும் முனகினால் டேங்கின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப்பைப் பாருங்கள். அங்கேயும் கெட்டி கிரீஸ் சோதனை செல்லும்.